விளையாட்டைப் பாடிய பாரதி

தமிழ்க் குழந்தைகள் மழலை மாறுமுன்பே கேட்டு மகிழும் பாட்டு 'பாப்பாப் பாட்டு'. குழந்தையை விளையாட அழைக்கும் அப்பாட்டைத் தந்த மகாகவி பாரதியார், தம் இளமையில் விளையாட வழியின்றி ஏங்கியவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சுப்பிரமணியன். 5 வயதில் தாயை இழந்தார். தந்தையோ கணக்கிலும் இயந்திர நுட்பத்திலும் வல்லவர். மகனும் அவ்வாறே விளங்க வேண்டுமென விரும்பினார். ஒத்த வயதுச் சிறுவர்கள் குளத்தில் நீந்தினர்; மரமேறிக் குதித்தனர். இவரோ தந்தைக்கு அஞ்சித் தெரு விளையாட்டு எதிலும் சேராமல், நூல்களோடு தனித்திருந்தார். அந்த ஏக்கம் ஆறவே இல்லை. 1910-இல் வெளியான 'கனவு' என்னும் தன்வரலாற்றுப் பாடலில் அதனை மனமுருகப் பாடினார்.

11 வயதில் 'பாரதி' பட்டம் பெற்றார். 1897-இல் 7 வயதுச் செல்லம்மாளை மணந்தபோது அவருக்கும் வயது 14தான். விளையாட வேண்டிய பருவத்தில் இருவருக்கும் திருமணம்! மறு ஆண்டே தந்தையும் மறைந்தார். காசியில் கல்வி பயின்று, 1904-இல் மதுரையில் சில மாதங்கள் தமிழாசிரியராய் இருந்து, பின்னர்ச் சென்னையில் 'சுதேசமித்திரன்' இதழில் பணியாற்றினார். 'சக்கரவர்த்தினி' என்னும் மாதர் இதழுக்கும் ஆசிரியரானார். ஆங்கில அரசின் அடக்குமுறை முற்றவே, 1908-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் புதுவைக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே வறுமை வாட்டியது. ஆயினும் கவிதை வளம் பெருகியது. தங்கம்மாள், சகுந்தலா என்னும் இரு பெண்களின் தந்தையான அவர், 1915-இல் பாப்பாப் பாட்டை அளித்தார். இளைய மகளை எண்ணிப் பாடியது என்பர். பெண் குழந்தைகள் பலர் பள்ளியின் வாசலையே காணாத காலம் அது. அந்நாளில் அவர் குழந்தையின் பொழுதைப் பகுத்து, காலையைக் கல்விக்கும் மாலையை விளையாட்டுக்கும் ஒதுக்கினார். தம் தந்தை மறுத்ததை அவர் தம் மகளுக்கு வழங்கினார்! பிறரோடு கூடி ஆடுதல், எவரையும் ஏசாதிருத்தல், சாதி வேற்றுமை பாராமை, தீயோரைக் கண்டு அஞ்சாமை ஆகிய பண்புகளையும் அப்பாட்டு புகட்டுகிறது. இன்று விளையாட்டுத் திடல் நமக்குக் கற்பிப்பவையும் இவையே அல்லவா? 'புதிய ஆத்திசூடி'யிலும் உடலுறுதியை அவர் வலியுறுத்தினார்.

1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறியபோது கடலூர் அருகே கைதாகி, சில வாரங்களில் விடுதலை பெற்றார். 1921 செப்டம்பரில், 39 வயது நிரம்புமுன்பே சென்னையில் மறைந்தார்.

அன்புத் தோழியரே! வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் நம்மில் பலர் நொண்டியும் பாண்டியும் ஆடி வளர்ந்தவர்கள். ஆயினும் பெண் வயதுக்கு வந்துவிட்டால், இனி உனக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கும் வீடுகள் இன்றும் உண்டு. பையன்கள் திடலில் பந்தாட, நாம் திண்ணையில் அமர்ந்து பார்க்கிறோம். தனித்திருந்து ஏங்கிய எட்டயபுரத்துச் சிறுவனின் துயரம் இதுவேயன்றோ? பெற்றோர்களே, மாலையில் ஒரு மணி நேரத்தையேனும் உங்கள் பெண்களுக்கு விட்டுக்கொடுங்கள். தோழியரே, அந்த ஒரு மணியை வீணாக்காதீர்கள். நம் மண்ணில் பத்தாண்டுகள் வாழ்ந்த கவிஞருக்கு நாம் செய்யும் நன்றி அதுவே ஆகும்.