அலெக்ஸாண்டர் போர்ஸைத் போதகர்

பழைய இராணுவத் துப்பாக்கி ஒன்றைப் பேணி வைத்துக் குறிபார்த்துச் சுடும் வழக்கமுடையார் மேனாடுகளில் இன்றும் பலர் உளர். அத்துப்பாக்கிக்குரிய தோட்டாக்களைச் செய்வது நின்று நெடுங்காலமாயிருக்கும். ஆதலின் அவர்கள் தாமே தோட்டாவை நிரப்பிக்கொள்ள வேண்டியவராவர். அதற்கு வேண்டுவன பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு, கேப்பு என்னும் நான்கு. கூட்டினைப் பலமுறை பயன்படுத்தலாம். குண்டினை ஈயத்தை உருக்கி வார்த்துக்கொள்ளலாம். மருந்தினை விலைக்கு வாங்கலாம். கூட்டின் அடியிற் பதிக்கப்படும் அச்சிறு கேப்போ தொழிற்சாலையிலன்றிச் செய்தற்கரியது; கடைகளில் அஃது அற்றுப்போம் நாளில் ஏனைய மூன்றும் இருந்தும் பயனில்லை. மிளகளவேயான அப்பொருளுக்கு மூலபுருஷர் படைத்தலைவரல்லர், கொல்லருமல்லர். ஒரு கிராமத் திருச்சபையின் போதகர் என்றறியும்போது நம்மனோர்க்கு வியப்பு உண்டாகாமற் போகாது.

ஸ்காத்லாந்து தேசத்தின் கீழ்க்கரையிலே, அபர்தீன் நகருக்கு வடக்கே பெல்ஹெல்வி என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்ப் போதகரின் மைந்தராய் 1768-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பிறந்தவர் அலெக்ஸாண்டர் ஜான் போர்ஸைத். அபர்தீன் கிங்ஸ் கல்லூரியிற் கற்றுத் தேறி, தந்தையார் மறைந்தபின் 1791-இல் அவர் வகித்த பணியையே தாமும் ஏற்றார். மணம் செய்துகொள்ளவில்லை. ஆலயப்பணி ஒழிந்த நேரமெல்லாம் இரசாயன ஆராய்ச்சியிலும், இரும்புவேலையிலும், கடலோரத்து நீர்ப்பறவைகளை வேட்டையாடுவதிலும் கழிந்தது.

அந்நாளைத் துப்பாக்கியின் இயல்பை இங்கே சிறிது விரித்தல் வேண்டும். குழலின் பக்கத்தே ஒரு சிறு கிண்ணியில் ரஞ்சகம் இட்டிருப்பர். விசையை இழுத்ததும் சிக்கிமுக்கிக்கல் எஃகின்மேல் உராய்ந்து பொறி சிதறும். பொறி ரஞ்சகத்திற் பற்ற, அத்தீ பற்றுவாய் வழியாக உட்புகுந்து குழலிலுள்ள மருந்தைக் கொளுத்தும். இத்தனையும் நிகழ்வதற்குள், கிண்ணியில் எழுந்த ஒளியையும் புகையையும் கண்ட வாத்து நீரினுள் மூழ்கிவிடும். மேலும், கடற்பனியில் ரஞ்சகம் நமுத்துப்போவதும் உண்டு. போர்ஸைத் முதலில் கிண்ணியின்மேல் ஒரு மூடி அமைத்து ஒளியை மறைக்க முயன்றார் என்பர். பின்னரே ரஞ்சகத்தையே ஒழித்துவிட்டால் என்ன என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது.

தட்டினாலே வெடிக்கும் உப்புக்கள் சில அக்காலத்து இரசாயனிகளுக்குத் தெரிந்தேயிருந்தன. எட்வர்டு ஹோவர்டு என்பார் பாதரசத்தினின்று அத்தகையது ஒன்றை 1800-இல் வெளிப்படுத்தியிருந்தார். அவற்றைக் குழலினுள் வெடிமருந்தாக இட்டவர் குழல் பிளந்து துன்புற்றனர். குழலுக்கு வெளியே அணுவளவு வைத்துச் சுத்தியால் தட்டி, அதன் தீயை மட்டும் உள்ளே செலுத்தினாற் போதும் என்று கண்டதே போர்ஸைத்தின் நுண்ணறிவு. சிறுவர் தீபாவளியில் வெடிக்கும் பொட்டினை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். வாசனைத் தைலக்குப்பி போன்றதொரு சிறு கலத்தைத் துப்பாக்கியின் பக்கத்தே பொருத்தி, அதைத் திருப்புந்தோறும் சிறிது பொடி பற்றுவாயருகே விழுமாறு அமைத்தார். அதனைக் கொண்டு ஒரு பருவம் வேட்டையாடிச் சோதித்தபின், 1806-இல் இலண்டன் சென்றார்.

அங்கே ஆயுதசாலைத் தலைவராயிருந்த மொய்ரா பிரபு அதன் அருமையை உணர்ந்து, இலண்டன் கோபுரத்தில் ஓர் அறை கொடுத்து ஆராயச் செய்தார். ஏறக்குறைய ஓராண்டு சென்றது. மந்திரிசபை மாறியது, பின்வந்த சாதம் பிரபு அவ்வேலையை நிறுத்தி, போதகரின் கருவிகளையெல்லாம் அப்புறப்படுத்துமாறு பணித்தார். செலவிட்ட காலத்திற்கும் உழைப்பிற்கும் ஏற்ற ஊதியம் அளிக்கப்படவில்லை. நெப்போலியன் 20,000 பவுன் தருவதாகச் சொல்லியனுப்பியும் அவர் இரகசியத்தை விற்க மறுத்தார் என்றொரு செய்தி வழங்கிவருகிறது. நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் அவருக்கு ஆலோசனை கூற, 1807 ஏப்ரல் 11-இல் உரிமைப்பத்திரம் பெற்றார். அடுத்த ஆண்டு இலண்டன் பிக்காடில்லி வீதியில் ஒரு கடையும் திறக்கப்பட்டது. ஜோசப் மாண்டன் என்னும் பெரும் துப்பாக்கித் தச்சர் 1816-இல் இதே நெறியில் வேறொரு பொறி செய்தபோது, போர்ஸைத் வழக்காடி வென்றார். செப்புக் கேப்பு பின்னர்ப் பிறரால் அமைந்தது. அதனை முதலிற் செய்தோம் என்று உரிமை பாராட்டியவர் பலர்.

அரசாங்கத்தார் கண் திறக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1834-இல் வுல்விச் என்னுமிடத்தில் இருவகைத் துப்பாக்கிகளையும் வகைக்கு 6,000 முறை சுட்டுப் பார்த்தனர். சிக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறை வெடியாது நின்றது. கேப்புத் துப்பாக்கி 36 முறையே நின்றது. இவ்வெண்கள் கையிலிருந்தும் பழையவற்றை மாற்றுவது மெல்லவே நடந்தது. அதன் விளைவை அனுபவித்தவர் நம் நாட்டாரே. 1841 மே மாத இறுதியில், சீனத்தின் காண்டன் நகரருகே, சென்னை 37-ஆம் சுதேசிக் காலாட்படையின் ஒரு பகுதியார் அடைமழையில் வழிதப்பி, திரளான கிராமத்தாரால் வளைக்கப்பட்டனர். மழையில் நனைந்த அவர்தம் சிக்கிமுக்கித் துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஈட்டிகளை எதிர்க்கத் துப்பாக்கிமுனைக் கத்தியே துணையாயிற்று. கேப்புத் துப்பாக்கி தாங்கிய கடற்படை வீரர் தேடிவந்து மீட்டனர். கோபுரத்தினின்று போர்ஸைத் அகற்றப்பட்டு அப்போது முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சிப்பாய்கள் சாதம் பிரபுவின் பெயரையும் கேட்டிருக்கமாட்டார்கள்.

சுவிசேஷத்தைப் போதிப்பவர் கொலைக்கருவியைத் திருத்தலாமோ என்று கேட்பார் உண்டு. எனக்கும் அவ்வையம் முற்றும் தீர்ந்ததில்லை. அவர் நாடியது வாத்து, அடைந்தது சேனை.

அவர் கையாண்ட பொட்டாசியம் குளோரேட் என்னும் உப்பு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல சேனைகளின் கேப்புகளில் இருந்தது. சுட்டபின் அது விட்டுச்செல்லும் உப்புப்படிவு ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் மட்டும் தடவினால் நீங்காது, நீர்விட்டுக் கழுவல் வேண்டும். கேப்பிலும் 1866-இல் இரு வகை தோன்றின: ஆங்கிலேயரான பாக்ஸர் வகுத்ததை அமெரிக்கரும், அமெரிக்கரான பெர்டான் வகுத்ததை ஐரோப்பியரும் பெரிதும் மேற்கொண்டது ஒரு வேடிக்கை. முன்னதன் கூட்டில் நடுவே ஒரு துளை. ஊசியால் தள்ளினால் பழைய கேப்பு வெளிவரும். பின்னதில் இரு சிறு துளைகள் ஓரத்தில் இருத்தலின் எடுப்பது கடினம். பழைய இராணுவக் கூடுகள் பல இவ்வகையினவே.

பெல்ஹெல்வியிலே போதகர் தம் பணியை விடாது நடத்தி வந்தார். 1842-இல் அரசாங்கம் அவருக்கு 200 பவுன் வழங்கியது. 1843 ஜூன் 11-இல் அவர் காலமானார். அதன்பின் 1,000 பவுன் ஒதுக்கி, எஞ்சியிருந்த உறவினர் மூவருக்குப் பங்கிட்டுக் கொடுத்தனர்.