ஆம்ப்ளிஃபையர் ஸ்பெக் ஷீட்டுக்குள் இருக்கும் மனிதர்: யார் இந்த ஹரால்ட் பிளாக்?

வீட்டு ஸ்டீரியோவுக்கு ஒரு ஜோடி மோனோபிளாக் ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். வழக்கம்போல ஒரு எக்செல் ஷீட் திறந்து, இரண்டு மாடல்களை அருகருகே வைக்கிறீர்கள். முதல் மாடல்: 300 வாட்ஸ், டிஸ்டார்ஷன் 0.005%, டேம்பிங் ஃபேக்டர் 400. இரண்டாவது: 600 வாட்ஸ், 0.001%, 800. எல்லா வரிசையிலும் இரண்டாவதுதான் முன்னணி. விலையும் இரண்டு மடங்கு. அப்போ அதையே வாங்கிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கடைசி இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால், உங்கள் முடிவு மாறலாம். அவை இரண்டும் பெரும்பாலும் ஒரே மனிதரின் ஒரே யோசனையிலிருந்து வருபவை. அவர் ஹை-ஃபை கம்பெனி நடத்தியவர் இல்லை. தொலைபேசி இன்ஜினியர். பெயர் ஹரால்ட் ஸ்டீபன் பிளாக்.

நீங்கள் இ.சி.இ படித்தவர் என்றால், நெகட்டிவ் ஃபீட்பேக் என்ற பாடத்தை எப்படியோ தேர்வுக்கு ஒப்பித்திருப்பீர்கள். அதைக் கண்டுபிடித்தவர் இவர்தான்.

இன்க்ரிமென்ட் கிடைக்காத இளைஞர்

பிளாக் 1898-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லியோமின்ஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். வூஸ்டர் பாலிடெக்னிக் கல்வி நிறுவனத்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்து, 1921-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்த பொறியியல் துறைதான் 1925-ல் பெல் லேப்ஸ் ஆனது.

சேர்ந்த சில மாதங்களிலேயே முதல் அடி. கூட வேலை பார்த்தவர்களுக்கு 10% சம்பள உயர்வு வந்தது, அவருக்கு வரவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று அன்றிரவே தீர்மானித்தார். விடிவதற்குள் மனதை மாற்றிக்கொண்டார். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகம் வந்து, 1898 முதல் சேர்ந்திருந்த தொழில்நுட்பக் குறிப்புக் கோப்புகளைப் படிக்கத் தொடங்கினார். அதாவது, அவர் பிறந்த ஆண்டிலிருந்து அந்த நிறுவனம் எதற்கெல்லாம் திணறியது என்பதை வரிசையாகப் படித்தார்.

அந்தப் படிப்பில்தான் அவருடைய வாழ்நாள் பிரச்சினை கிடைத்தது.

என்ன பிரச்சினை?

நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் தொலைபேசிச் சேவை 1915-லேயே தொடங்கிவிட்டது. கம்பியில் போகும் குரல் தூரம் போகப்போகத் தேய்ந்துவிடும். எனவே வழியில் ஆங்காங்கே வால்வு ஆம்ப்ளிஃபையர் வைத்து அதைப் பெரிதாக்கி அனுப்பினார்கள். ஒரு சில உரையாடல்கள் என்றால் சமாளிக்கலாம். ஒரே கம்பியில் நிறைய உரையாடல்களை ஏற்றினால்தான் சிக்கல்.

அந்தக் கால வால்வு ஆம்ப்ளிஃபையர் குரலைப் பெரிதாக்கும்போதே கொஞ்சம் கோணலாக்கியும்விடும். அந்தக் கோணலுக்குப் பெயர்தான் டிஸ்டார்ஷன். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பிரதி பரவாயில்லை. நூறாவது பிரதியில் எழுத்தே இருக்காது. பிளாக் கணக்குப் போட்டது 4,000 மைல் தூரத்துக்கு, வரிசையாக நூற்றுக்கணக்கான ஆம்ப்ளிஃபையர்களுக்கு, ஆயிரக்கணக்கான சேனல்களுக்கு. அப்படி ஒன்று வேண்டுமானால், ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரின் டிஸ்டார்ஷனும் அன்றிருந்த அளவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைய வேண்டும்.

எல்லோரும் இன்னும் நல்ல வால்வு செய்ய முயன்றார்கள். அவரும் முதலில் அதையே முயன்றார். நடக்கவில்லை.

முதல் விடை: சரியானது, ஆனால் உதவாதது

1923 மார்ச்சில், புகழ்பெற்ற மின்பொறியாளர் ஸ்டெய்ன்மெட்ஸின் உரையைக் கேட்கப் போனார் பிளாக். சிக்கலை அடிப்படையிலிருந்து அணுகும் அவரது முறை பிளாக்கைப் பிடித்துக்கொண்டது. வீடு திரும்பியதும் கேள்வியையே மாற்றினார். குறையில்லாத ஆம்ப்ளிஃபையர் வேண்டாம், குறை இருந்துவிட்டுப் போகட்டும். வெளியே வரும் ஒலியிலிருந்து அந்தக் குறையை மட்டும் பிரித்து எடுக்க முடியுமா?

முடியும். வெளியே வருவதை உள்ளே போன அளவுக்குச் சுருக்கி, அசலைக் கழித்தால் மிஞ்சுவது டிஸ்டார்ஷன் மட்டும்தான். அதைத் தனியாகப் பெரிதாக்கி, இறுதி வெளியீட்டிலிருந்து கழித்துவிடலாம். இதற்கு ஃபீட்ஃபார்வர்ட் என்று பெயர். ஆய்வகத்தில் வேலையும் செய்தது. ஆனால் வால்வுகளின் மின்னோட்டத்தை மணிக்கு ஒரு தடவை யாராவது சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், 24 மணி நேரமும். ஊர் ஊராக நூற்றுக்கணக்கான இடங்களில் வைக்கப்போகும் கருவிக்கு அது சரிப்பட்டு வராது.

அதன்பின் நான்கு ஆண்டுகள் அவருக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

படகில் ஒரு செவ்வாய்க்கிழமை

1927 ஆகஸ்ட் 2, செவ்வாய்க்கிழமை காலை. நியூ ஜெர்சி கரையிலிருந்து ஹட்சன் ஆற்றைக் கடந்து மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகும் லாக்கவன்னா படகில் பிளாக் நின்றிருந்தார். திடீரென்று விடை வந்தது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஒரு பக்கத்திலேயே படமும் சமன்பாடும் எழுதினார். அலுவலகம் போனதும் ஒரு சக ஊழியருக்கு விளக்கி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

யோசனை இதுதான்: ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் ஒரு சிறு பங்கை எடுத்து, தலைகீழாக்கி, மறுபடி உள்ளீட்டுக்கே அனுப்பு.

சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பாடுபவரை நினைத்துப் பாருங்கள். தன் குரலைத் தானே கேட்கிறார், சுருதியோடு ஒப்பிடுகிறார், விலகினால் இழுத்துச் சரிசெய்கிறார். ஆம்ப்ளிஃபையரும் இப்போது அதைச் செய்கிறது. என்ன கேட்டேன், என்ன கொடுத்தேன் என்று இடைவிடாமல் ஒப்பிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. பெருக்கும் திறனில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு ஆம்ப்ளிஃபையர் 10,000 மடங்கு பெருக்குகிறது, டிஸ்டார்ஷன் 1% என்று வைத்துக்கொள்வோம். ஃபீட்பேக் கொடுத்து அதை 100 மடங்காகக் குறைத்தால், திறன் நூறில் ஒரு பங்காகிறது. டிஸ்டார்ஷனும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகி 0.01%-க்கு இறங்குகிறது. தேவைக்கு அதிகமாகச் சம்பாதித்து, மிச்சத்தைக் கொடுத்து ஒழுக்கத்தை வாங்குவது மாதிரி.

அதே ஆண்டு டிசம்பர் 29-ல் சோதித்துப் பார்த்தார். டிஸ்டார்ஷன் ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

நம்ப மறுத்தது ஏன்?

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் காது கிழியும்படி ஒரு கூச்சல் வருமே, அதுவும் வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பி வருவதால்தான். அன்றைய இன்ஜினியர்களுக்கு ஃபீட்பேக் என்றாலே அந்தக் கூச்சல்தான் நினைவுக்கு வரும். அதை வேண்டுமென்றே செய்யச் சொல்கிறார் ஒருவர். அதுவும், பாடுபட்டுச் சேர்த்த பெருக்கத்தை வீணாக்கச் சொல்கிறார். நிறுவனத்துக்குள்ளேயே சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் காப்புரிமை அலுவலகம் அவருடைய விண்ணப்பத்தை, எரிபொருள் இல்லாமல் ஓயாது ஓடும் இயந்திரத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்பவரின் விண்ணப்பம்போல நடத்தியது.

1928 ஆகஸ்டில் தாக்கல் செய்த அமெரிக்கக் காப்புரிமை 1937 டிசம்பரில்தான் கிடைத்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல்.

இடையில் அவருக்குத் துணையாக வந்தது கணிதம். ஃபீட்பேக் எப்போது கூச்சலாக மாறும், எப்போது மாறாது என்பதை 1932-ல் ஹாரி நைக்விஸ்ட் தெளிவாக்கினார். பின்னர் ஹென்ட்ரிக் போடே அதை வடிவமைப்பு முறையாகவே மாற்றினார். ஆமாம், உங்கள் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் தாளில் பயமுறுத்திய நைக்விஸ்ட் பிளாட்டும் போடே பிளாட்டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். பிளாக் தன் கண்டுபிடிப்பை விரிவாக எழுதி வெளியிட்டது 1934-ல்.

தொலைபேசியிலிருந்து வரவேற்பறைக்கு

1947-ல் பிரிட்டனின் டி.டி.என். வில்லியம்சன் ஒரு ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பை ஒயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியிட்டார். 15 வாட்ஸ், கணிசமான ஃபீட்பேக், 0.1%-க்கும் குறைவான டிஸ்டார்ஷன். பல நாடுகளில் ஆர்வலர்கள் அதை வீட்டிலேயே செய்தார்கள். ஹை-ஃபை என்ற சொல்லுக்குப் பொருள் கொடுத்த கருவிகளில் அதுவும் ஒன்று.

அப்போது எல்லா ஆம்ப்ளிஃபையரும் மோனோபிளாக்தான், ஏனென்றால் ஒலியே ஒரு சேனல்தான். 1950-களின் இறுதியில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்ததும் இரண்டு பெட்டி தேவைப்பட்டது. பிறகு இரண்டும் ஒரே பெட்டிக்குள் போயின. இன்று தனித்தனிப் பெட்டி வாங்குவதற்குக் காரணம் வேறு: ஒவ்வொரு சேனலுக்கும் தனி பவர் சப்ளை, வெப்பம் வெளியேற இடம், ஒரு சேனல் மற்றதில் கலக்காமை, ஸ்பீக்கருக்கு அருகிலேயே வைத்து ஒயரைக் குட்டையாக்கும் வசதி.

டிரான்சிஸ்டர் வந்தபின் ஃபீட்பேக்கை அள்ளிக் கொடுப்பது மலிவானது. எண் போட்டி ஆரம்பமானது. 1970-ல் ஃபின்லாந்தின் மட்டி ஓட்டலா ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். உள்ளுக்குள் மெதுவாக வேலை செய்யும் ஆம்ப்ளிஃபையருக்கு அளவில்லாமல் ஃபீட்பேக் கொடுத்தால், சீரான ஒலியில் அளக்கும்போது எண் அழகாக வரும், ஆனால் சட்டென்று எகிறும் இசையில் தடுமாறலாம். இதைப் பிளாக்கின் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திருத்துபவர் எவ்வளவு திறமைசாலியானாலும், பாடுபவருக்கு அடிப்படைக் குரல் வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஃபீட்பேக்கே இல்லை என்பதை இன்று சிறப்பம்சமாக விளம்பரம் செய்பவர்களும் உண்டு. அந்த ஒரு வரியை வைத்தும் தரத்தை முடிவு செய்ய முடியாது.

சரி, எக்செல் ஷீட்டுக்கு வருவோம்

டிஸ்டார்ஷன்: 0.005%-க்கும் 0.001%-க்கும் இடையே ஐந்து மடங்கு வித்தியாசம். ஆனால் உங்கள் ஸ்பீக்கர் சத்தமான பேஸ் ஒலியில் தானாகச் சேர்க்கும் டிஸ்டார்ஷன் பொதுவாக இரண்டையும்விடப் பல மடங்கு அதிகம். பிளாக் இந்தப் பிரச்சினையைத் தீர்த்துக் கொடுத்து ரொம்ப நாளாகிவிட்டது. இந்த வித்தியாசத்துக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

டேம்பிங் ஃபேக்டர்: 8 ஓம் ஸ்பீக்கருக்கு 400 என்றால் ஆம்ப்ளிஃபையரின் உள் மின்தடை 0.02 ஓம்; 800 என்றால் 0.01 ஓம். இதைக் குறைத்துக் கொடுப்பதும் ஃபீட்பேக்தான். ஆனால் போய்வரும் ஸ்பீக்கர் ஒயரின் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். முதலாவது 67 ஆகிறது, இரண்டாவது 73. இரண்டு மடங்கு வித்தியாசம் ஒயரிலேயே கரைந்துபோகிறது.

வாட்ஸ்: ஃபீட்பேக்கால் உருவாக்க முடியாதது இது ஒன்றுதான். பவர் சப்ளை, டிரான்ஸ்ஃபார்மர், ஹீட்சிங்க் என்று கனமான பொருட்களில் இருந்து வருவது. ஆனால் 300-லிருந்து 600-க்குப் போனால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குத் தோன்ற, சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரை 90 டெசிபல் தரும் ஸ்பீக்கராக மாற்றினாலும் அதே 3 டெசிபல் கிடைக்கும், ஆம்ப்ளிஃபையரைத் தொடாமலே.

இன்னொன்று, எந்த வாட்ஸ் என்று கேளுங்கள். பிளாஸ்டிக் ஸ்பீக்கர் பெட்டிகளில் பி.எம்.பி.ஓ என்று போட்டு ஆயிரக்கணக்கில் எண் அச்சடித்த காலம் நினைவிருக்கும். அமெரிக்காவில் இதே கூத்தைக் கட்டுப்படுத்த 1974-லேயே விதி கொண்டுவந்தார்கள். தொடர்ச்சியாக, இரண்டு சேனலும் ஓடும்போது, எத்தனை ஓமில், எந்த அதிர்வெண் வரம்பில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் என்று சொல்லாத வாட்ஸை நம்பாதீர்கள். 8 ஓமில் 300 தருவது 4 ஓமில் 600-ஐ நெருங்குகிறதா என்று பாருங்கள். நெருங்கினால், அதன் பவர் சப்ளைக்கு நிஜமாகவே தெம்பு இருக்கிறது.

பிறகு பிளாக் என்ன ஆனார்?

ஆம்ப்ளிஃபையரோடு அவர் நின்றுவிடவில்லை. ஒலியை எண்களாக மாற்றி அனுப்பும் பல்ஸ் கோட் மாடுலேஷன் பற்றியும் வேலை செய்தார், 1947-ல் அதுபற்றி ஒரு கட்டுரையின் இணை ஆசிரியராக இருந்தார். 1963-ல் பெல் லேப்ஸிலிருந்து ஓய்வு பெற்றார். 1981-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

1982-ல் காம்பாக்ட் டிஸ்க் விற்பனைக்கு வந்தது. அதில் பாட்டு பதிவாகியிருந்த முறை பல்ஸ் கோட் மாடுலேஷன். அதை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோன ஆம்ப்ளிஃபையர்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இருந்தது நெகட்டிவ் ஃபீட்பேக். அடுத்த ஆண்டு டிசம்பரில், 85 வயதில் பிளாக் இறந்தார்.

அவர் விட்டுச்சென்ற யோசனை இன்று சில நூறு ரூபாய் ஆம்ப்ளிஃபையர் போர்டிலும் இருக்கிறது, பல லட்ச ரூபாய் மோனோபிளாக்கிலும் இருக்கிறது. அதனால் மிக மலிவாகிவிட்ட அந்த இரண்டு எண்களுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி என்ன, எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். 300 வாட்ஸே போதும் என்று வந்தால், மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.