பறவைகளை எண்ணிய பேராசிரியர்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தில், மரங்களும் புதர்க்காடும் சூழ விளங்குவது சென்னைக் கிறித்தவக் கல்லூரி. நகரின் நெரிசலை விட்டு அது 1937ஆம் ஆண்டில் இங்குக் குடிபெயர்ந்தது. இக்கல்லூரியில் பல்லாண்டு பணியாற்றியவர் பேராசிரியர் கிப்ட் சிரோமணி. அவர் 1932ஆம் ஆண்டிற் பிறந்தார். புள்ளியியலே அவர்தம் துறை. மகளிர் இடும் கோலத்தையும் சிந்துவெளி எழுத்தையும் அவர் கணித வழி நின்று ஆராய்ந்தார்.

அக்கணிதக் கண்ணே பறவைகளின் மீதும் சென்றது. வளாகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் தாம் கண்ட பறவைகளைப் பெயரறிந்து குறித்து வைத்தார்; தாம்பரத்துப் பறவைகளைப் பற்றி எழுதியும் வெளியிட்டார். இதனை வெறும் பொழுதுபோக்கு என்பாரும் உளர். அஃது அன்று. சேலையூர் ஏரியும் செம்பாக்கம் ஏரியும் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அந்நீர்வழியெங்கும் பின்னாளில் வீடுகள் பெருகின. எப்பறவை குறைந்தது, எது அறவே மறைந்தது என்று அறிய வேண்டுமாயின், முன்னர் இருந்தவற்றின் பட்டியல் வேண்டுமன்றோ? பழைய குறிப்பு இல்லையேல் இழப்பும் புலப்படாது.

சிரோமணி 1988ஆம் ஆண்டில் மறைந்தார். 2015 முதல், பொங்கல் நாட்களில், தமிழகமெங்கும் மாணவரும் பெரியோரும் ஏரிக்கரைகளிலும் தோட்டங்களிலும் நின்று பறவைகளை எண்ணிக் குறித்து வருகின்றனர்.