ஸுபைதா அம்மையாரும் மக்காவின் தண்ணீரும்

ஹஜ்ஜுடைய காலங்களில் அரஃபாத் மைதானத்தில் நிற்கும் ஹாஜிகள், ஜபலுர் ரஹ்மத் மலையடிவாரத்தை ஒட்டிச் செல்லும் பழைய கற்கால்வாய் ஒன்றைக் காணலாம். அதுவே ஐனு ஸுபைதா. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெண்மணியின் நிய்யத்தினால் உருவான நீர்வழி அது.

கலீஃபா மன்ஸூரின் பேத்தியாகவும், ஜஃபர் என்பவரின் புதல்வியாகவும் அம்மையார் பிறந்தார்கள். ஸுபைதா என்பது பாட்டனார் செல்லமாக இட்ட பெயர். ஹிஜ்ரி 165இல் தம் தந்தையின் சகோதரர் மகனான ஹாரூன் ரஷீதுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். ஹிஜ்ரி 170இல் (கி.பி. 786) ஹாரூன் கலீஃபாவானபோது, உலகின் செல்வமெல்லாம் வந்து குவிந்த பக்தாதின் அரசியானார்கள். அவர்களுடைய மாளிகையில் நூறு பணிப்பெண்கள் குர்ஆன் ஓதிய வண்ணம் இருப்பார்கள் என்றும், அந்த ஓசை தேன்கூட்டின் ரீங்காரம் போல் கேட்கும் என்றும் இப்னு கல்லிகான் (ரஹ்) எழுதியுள்ளார்கள். பொன்னும் மணியும் அம்மையாருக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களுடைய பெயரை நிலைநிறுத்தியது பொன்னன்று, தண்ணீரே.

புனித மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்பதை நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆவிலிருந்தே நாம் அறிவோம். ஜம்ஜம் கிணறு இருந்தும், ஊராருடன் ஆயிரமாயிரம் ஹாஜிகளும் கூடும்போது தண்ணீர்ப் பஞ்சம் தலைகாட்டும். ஒரு தோல்பை தண்ணீர் ஒரு தினாருக்கு விற்ற காலமும் உண்டாம். தினார் என்பது பொற்காசு. அவ்விலை கொடுக்க இயலாத ஏழை ஹாஜியின் நிலை என்ன? தண்ணீரையும், புல்லையும், நெருப்பையும் எல்லோருக்கும் பொதுவென்று அறிவித்த மார்க்கத்தின் தலைநகரிலேயே தாகம் விலைபேசப்பட்டது. இதுவே அம்மையாரின் நெஞ்சை உறுத்திற்று.

மக்காவுக்கு வெளியே ஹுனைனில் ஓர் ஊற்று இருந்தது. அது ஒரு தோட்டத்துக்குப் பாய்ந்து கொண்டிருந்தது. அரசியாயிற்றே என்று அதை அம்மையார் பறித்துக்கொள்ளவில்லை. விலை கொடுத்து வாங்கினார்கள். ஊற்றை மக்காவின் பக்கம் திருப்பி, தோட்டம் இருந்த இடத்தை மழை வெள்ளம் தேங்கும் அணையாக்கினார்கள். நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து அரஃபாத்துக்கும் முஸ்தலிஃபாவுக்கும் மற்றொரு கால்வாய் வந்தது. நீரை இறைப்பதற்கு எந்தப் பொறியும் இல்லாத காலம் அது. மேட்டிலிருந்து தாழ்வுக்குத் தானே ஓடும்படி சரிவு பார்த்து, கல்லடுக்கிச் சாந்து பூசி, வெயிலில் நீர் வற்றாதிருக்க மேலே மூடி அமைத்தார்கள். இடையிடையே இறங்கித் தூர் எடுக்க வாய்களும் விட்டார்கள்.

செலவு மிகுதியாகுமே என்று காரியதரிசி தயங்கியபோது, கோடரி ஓங்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தினார் ஆனாலும் வேலை நிற்கக்கூடாது என்று உத்தரவிட்டார்கள் என்பது பிரசித்தமான செய்தி. மொத்தச் செலவு 17 லட்சம் தினார் என்று வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர்.

கூஃபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கும் நீண்ட பாலைவழி நெடுகிலும் அம்மையார் குளங்களும் கிணறுகளும் தங்குமிடங்களும் அமைத்தார்கள். மழை வெள்ளத்தை முதலில் ஒரு சிறு தொட்டியில் விட்டு, மண்ணும் மணலும் படிந்த பிறகு தெளிந்த நீர் பெருங்குளத்தில் சேரும்படி சில குளங்கள் கட்டப்பட்டன. தர்பு ஸுபைதா என்றே அவ்வழிக்குப் பெயராயிற்று. கி.பி. 1184இல் அவ்வழியே சென்ற இப்னு ஜுபைர், இந்த நீர்நிலைகள் இல்லாவிடில் அப்பாதையில் யாரும் செல்ல இயலாது என்று நன்றியுடன் எழுதி வைத்தார்கள்.

சகோதர சகோதரிகளே! இஹ்ராம் உடுத்தவர் தரைப்பிராணிகளை வேட்டையாடலாகாது. ஹரம் எல்லையில் தானே முளைத்த மரத்தை வெட்டலாகாது. உயிருக்கும் பசுமைக்கும் இத்தனை பாதுகாப்பளித்த புனித பூமிக்கு, அவ்வுயிர்களைக் காக்கும் நீரைக் கொண்டு சேர்த்தவர் ஸுபைதா அம்மையார்.

ஹிஜ்ரி 193இல் கணவர் காலமானார்கள். 198இல் அருமை மகன் அமீன், சகோதரர் மஃமூனோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். பழிவாங்கத் தூண்டியவர்களின் பேச்சுக்கு அம்மையார் செவிசாய்க்கவில்லை. ஹிஜ்ரி 216இல் (கி.பி. 831) பக்தாதில் வஃபாத்தானார்கள்.

அவர்களுக்குப் பின்னும் அந்த நீர் ஓடியது. கால்வாய் தூர்ந்தபோதெல்லாம் யாரேனும் ஒருவர் அதைச் செப்பனிட்டனர். துருக்கி சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா, முன்பு கடினப்பாறையால் தடைபட்டிருந்த பகுதியையும் குடைந்து நகருக்குள் நீர் கொண்டுவரப் பொருள் கொடுத்தார். பாறைமேல் விறகெரித்து இளக்கி உடைத்த அவ்வேலை 1571இல் முடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்வாய் பழுதுற்றபோது நம் இந்திய முஸ்லிம்களும் பொருளுதவி செய்தனர். இன்று மக்காவுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புகிறார்கள். எனினும் இருபதாம் நூற்றாண்டு வரை மக்காவின் தாகம் தீர்த்தது அம்மையாரின் கால்வாயே.

இமாம் குஷைரி (ரஹ்) அவர்கள் தமது ரிஸாலாவில் ஒரு செய்தி கூறுகிறார்கள். அம்மையாரின் மறைவுக்குப்பின் ஒருவர் அவர்களைக் கனவில் கண்டு, அல்லாஹ் என்ன செய்தான் என்று கேட்டாராம். மன்னித்துவிட்டான் என்றார்கள். மக்கா வழியில் செலவிட்டதற்காகவா என்று கேட்க, இல்லை, அந்தச் செலவின் நன்மைகள் அப்பொருளுக்கு உரியவர்களிடமே சேர்ந்துவிட்டன, நிய்யத்துக்காகவே தமக்கு மன்னிப்புக் கிடைத்தது என்றார்களாம். கனவு ஷரீஅத்தில் ஆதாரமாகாது. ஆயினும் பெரியார்கள் படிப்பினைக்காக இதனைச் சொல்லி வந்துள்ளார்கள். அரண்மனைப் பொருள் என்பது மக்கள் பொருளே. அதை எத்தனை நல்வழியில் செலவிட்டாலும் நாம் வெறும் அமானத்தாளர்களே என்பது இதன் கருத்து.

பொருள் மட்டுமா அமானத்? தண்ணீரும் அமானத்தே. மனிதன் பூமியில் கலீஃபாவாக அனுப்பப்பட்டவன், உரிமையாளன் அல்லன். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கைகள் சேர்த்து அள்ளுமளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். நம் வீட்டில் ஒருவர் ஒரு வேளை உளூவுக்குத் திறந்துவிடும் குழாய் நீரில் எத்தனை முத்து அடங்கும்? 17 லட்சம் தினார் செலவிட நம்மால் இயலாது. குழாயை மூடுவதற்கும், ஊர்க்குளத்தில் குப்பை கொட்டாமலிருப்பதற்கும், மஸ்ஜிதின் ஹவுளைத் தூர் வாரும் நாளில் ஒரு கை கொடுப்பதற்கும் தினார் வேண்டியதில்லை. நிய்யத்துப் போதும். அம்மையாரை உயர்த்தியதும் அதுவேயல்லவா?

அல்லாஹுத் தஆலா அம்மையாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! அவன் நம்மிடம் ஒப்படைத்த ஒவ்வொரு துளியையும் பேணி நடக்க நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.