பாலம் சமைத்த கடல் வணிகர்

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்து பரங்கிமலை, தாம்பரம் நோக்கி நாள்தோறும் ஆயிரக்கணக்கான ஊர்திகள் விரைகின்றன. அவ்விடத்தில் ஆற்றின்மீது முதன்முதலில் பாலம் அமைத்தவர் அரசரும் அல்லர், ஆளுநரும் அல்லர். கடல் கடந்து வந்த ஆர்மேனிய வணிகர் ஒருவர். அவர் பெயர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். செல்வமும் செல்வாக்கும் மிக்க வணிகரைக் குறிக்கும் சிறப்புப் பெயரே 'கோஜா' என்பது.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், அராஸ் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஆர்மேனியர்களை அவர்தம் ஊரிலிருந்து பெயர்த்து, இஸ்பகான் நகரின் அருகே குடியேற்றினார். இழந்த ஊரின் பெயரையே புதிய குடியிருப்புக்கும் இட்டு, அதனைப் புதிய ஜூல்பா என அவர்கள் வழங்கினர். வேரோடு பெயர்க்கப்பட்ட அம்மக்கள் உலகெங்கும் வணிகக் கிளை பரப்பினர். அவ்வூரில் 1680ஆம் ஆண்டளவில் பெட்ரூஸ் பிறந்தார்.

அவருடைய செல்வத்தின் ஊற்று மணிலா. பிலிப்பைன்ஸ் தீவுகளை ஆண்ட ஸ்பானியர், ஆங்கிலேயரைத் தம் துறைமுகத்தில் வணிகம் செய்ய விடவில்லை. எந்த ஐரோப்பிய அரசுக்கும் குடிகளல்லாத ஆர்மேனியர்க்கோ அத்தடை இல்லை. எனவே, ஆங்கிலேய வணிகரும் ஆர்மேனியர் பெயரில் சரக்கு அனுப்பினர். சோழமண்டலக் கரையின் நெசவாளர் நெய்த துணிகள் பருவக்காற்றின் துணையோடு மணிலா சென்றன. சீனர் தம் மரக்கலங்களில் பட்டு கொணர்ந்தனர். மெக்சிகோவின் அகபுல்கோ துறையிலிருந்து பசிபிக் பெருங்கடலைக் கடந்து வெள்ளி வந்தது. தமிழகத் தறிகளுக்கும் மெக்சிகோவின் சுரங்கங்களுக்கும் இடையே இணைப்பாக நின்றது அத்தீவுத் துறைமுகமே.

மணிலாவில் பெரும்பொருள் ஈட்டிய பெட்ரூஸ், பின்னர்ச் சென்னையில் நிலைகொண்டார். புனித தோமையார் மலைக்குச் செல்வோர் அடையாற்றைக் கடக்க வேண்டியிருந்தது. வெள்ளக் காலத்தில் அது எளிதன்று. 1726இல் தம் சொந்தப் பொருளால் அங்கே பாலம் அமைத்தார். அதற்கு அவர் செலவிட்டது 30,000 வராகன் என்பர். அதன் பராமரிப்புக்கெனத் தனியே 1,500 வராகனும் ஒதுக்கினார். கட்டியவரே காப்பதற்கும் வழி செய்தது அரிதினும் அரிது. மலையேறுவோர்க்குப் படிக்கட்டுகளும் அமைத்தார். மர்மலாங் பாலம் என வழங்கிய அப்பாலம் இருந்த இடத்தில், 1966இல் இன்றைய மறைமலையடிகள் பாலம் எழுந்தது. படிக்கட்டுகளில் இன்றும் மக்கள் ஏறுகின்றனர்.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். பெட்ரூஸின் உடைமைகள் பறிமுதலாயின. புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தால் அவற்றைத் திருப்பித் தருவதாக டூப்ளே உறுதி கூறினார். வாழ்நாள் முழுதும் ஆதாயம் கணித்தே பழகிய வணிகர், இப்போது அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை; உடைமைகளை இழக்கத் துணிந்து மறுத்துவிட்டார்.

1749இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் ஆர்மேனியரை ஐயுற்று, கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் நகரிலிருந்து வெளியேற்ற முனைந்தனர். பெட்ரூஸுக்கு மட்டும் விலக்களித்தனர். அவருக்கு அது மதிப்புத்தான். ஆனால், அவருடைய இனத்தார் கோட்டைக்கு வெளியே நின்றனர்.

1751 சனவரியில் பெட்ரூஸ் மறைந்தார். வேப்பேரியில் தாம் எழுப்பிய சிற்றாலயத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விரும்பியவாறே, இதயம் மட்டும் ஒரு பேழையில் வைக்கப்பட்டுப் பிறந்த ஊராகிய ஜூல்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.