உறங்காத கால்களை எழுதி வைத்த வைத்தியர்

லயத்து அறையில் விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் சிலருக்குக் கால்கள் விழித்துக்கொள்கின்றன. கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கும். எழுந்து நடந்தால் குறையும், படுத்தால் மீண்டும் தொடங்கும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்வெட்டவோ கொழுந்தெடுக்கவோ போகிற பெண்ணுக்கு இது சிறிய தொல்லையல்ல. கால் உளைவு என்று தைலம் தேய்ப்பதோடு பலர் விட்டுவிடுகிறார்கள்.

இந்த வேதனையை முதன்முதலில் விரிவாக எழுதி வைத்தவர் யுத்தத்தில் அடிபட்ட ஒருவர். அவர் பெயர் தோமஸ் வில்லிஸ். 1621 இல் இங்கிலாந்தின் கிரேட் பெட்வின் கிராமத்தில் பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, 1642 இல், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டு, படைகளோடு பரவிய காய்ச்சலில் தந்தை இறந்தார். வில்லிஸ் மன்னரின் பக்கம் ஆயுதம் ஏந்தினார். அந்தப் பக்கம் தோற்றது.

1646 இல் ஒக்ஸ்போர்ட் சரணடைந்தது. அதே ஆண்டு வைத்தியப் பட்டம் பெற்றாலும், தோற்றவர்களுக்குப் பதவி ஏது? சந்தை நாட்களில் அபிங்டன் போன்ற ஊர்களுக்குப் போய் நோயாளர்களைப் பார்த்தார். தடைசெய்யப்பட்டிருந்த தன் சபையின் வழிபாட்டைத் தன் வீட்டிலேயே நடத்த இடம் கொடுத்தார். 1650 இல், குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்ட ஆன் கிரீன் என்ற வேலைக்காரப் பெண்ணின் உடல் அறுத்துப் பார்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்டது. மூச்சிருப்பது தெரிந்ததும் வில்லிஸும் வில்லியம் பெட்டியும் அவளைப் பிழைக்க வைத்தார்கள். பின்னர் அவளுக்கு மன்னிப்பும் கிடைத்தது. வில்லிஸின் வாழ்வில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

1660 இல் மன்னராட்சி திரும்பியதும் பேராசிரியர் பதவி வந்தது. 1664 இல் மூளையின் அமைப்பு பற்றிய நூல் வெளியானது. அதற்குப் படங்கள் வரைந்தவர்களில் கட்டிடக் கலைஞர் கிறிஸ்தோபர் ரென்னும் ஒருவர். பிறகு லண்டனில் பெரும் புகழ்.

1672 இல் லத்தீனில் வெளியிட்ட நூலில்தான் உறங்கவிடாத கால்கள் வருகின்றன. படுக்கையில் கை கால்கள் துள்ளித் துடிப்பதைச் சித்திரவதைக்கு ஒப்பிட்டார். ஒரு சீமாட்டிக்கு அபினிக் கரைசல் கொடுத்தார். முதலில் வாரம் இரு முறை, பிறகு தினமும், ஏறத்தாழ மூன்று மாதம். இரத்தத்தின் கோளாற்றை வேறு மருந்துகளால் சரிசெய்தபின் அபினி இல்லாமலே அவர் உறங்கினாராம். 1675 இல் வில்லிஸ் நுரையீரல் நோயால் இறந்தார். வயது 54.

அவர் சொன்ன காரணங்கள் இன்று செல்லாது. ஆனால் இரத்தத்தைக் கவனித்தது வீணல்ல. 1940களில் சுவீடனின் எக்பொம் இந்நோயை மீண்டும் விவரித்துப் பெயரிட்டார். இரும்புச்சத்துக் குறைவு இதன் முக்கிய காரணங்களில் ஒன்று என்பது பின்னர் தெளிவானது. கர்ப்பிணிகளுக்கு இது கூடுதலாக வரும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி உணவிலுள்ள இரும்பை உடல் எடுப்பதைக் குறைக்கிறது. தேயிலை பறிப்பவருக்கே இந்த நிலை!

1977, 1981, 1983 வன்செயல்களில் இத்தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போனவர்களிடையே பயத்தால் உறக்கம் கெட்டவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். இரவில் மட்டும் கால் அலைகிறதா, நடந்தால் குறைகிறதா என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இரும்பின் இருப்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தடிமனுக்கும் அரிப்புக்கும் எடுக்கும் பிரிட்டன் போன்ற குளிசைகள் சிலருக்கு இதைக் கூட்டும் என்பதால், எடுக்கிற மருந்துகளையும் காட்டுங்கள்.