பனியில் பறக்கும் வண்டி... பின்னால் ஓர் அப்பாவின் வலி! - பம்பார்டியர் கதை

பழைய ஆர்எக்ஸ் 100 பைக்கைத் தேடிப் பிடிச்சு, நட்டு போல்ட்டு வரைக்கும் கழட்டி, பெயின்ட் அடிச்சு, திரும்ப ஓட்டிப் பார்க்கிற ஒரு குரூப் நம்ம ஊர்ல இருக்குல்ல? கனடாவிலும் அப்படி ஒரு குரூப் உண்டு. என்ன... அவங்க தேடுறது பைக் இல்லை, ஸ்னோமொபைல்.

முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பட்டை. ரோடே இல்லாத பனிவெளியில் சீறிக்கொண்டு போகிற வண்டி. 1960-களில் வந்த மஞ்சள் நிற ஸ்கி-டூ ஒன்று துருப்பிடித்த நிலையில் கிடைத்தால்கூட அவர்களுக்குப் புதையல்தான். கார்புரேட்டரைக் கழட்டி சுத்தம் செய்து, விரிசல் விட்ட பட்டையை மாற்றி, பனி விழும் வரை காத்திருந்து ஓட்டுவார்கள்.

இன்று ஜாலியாக ஓட்டுகிற இந்த வண்டிக்குப் பின்னால், ஜாலியே இல்லாத ஒரு கதை இருக்கிறது. அது ஜோசப் அர்மான் பம்பார்டியரின் கதை.

அப்பா கொடுத்த ஓட்டை இன்ஜின்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்றொரு சின்ன ஊர். அங்கே 1907 ஏப்ரல் 16-ல் பிறந்தார் அர்மான். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். கையில் எது கிடைத்தாலும் பிரித்துப் பார்த்துவிடுகிற பையன். வீட்டுக் காரை இவனிடமிருந்து காப்பாற்றவே, ஒரு பழைய ஃபோர்டு மாடல் டி காரின் இன்ஜினைக் கொடுத்து நோண்டிக்கோ என்று விட்டுவிட்டார் அப்பா.

1922 டிசம்பர் 31. பதினைந்து வயசுப் பையன் ஒரு வண்டியோடு தெருவுக்கு வந்தான். நான்கு சறுக்குக் கட்டைகள், மேலே அந்த ஃபோர்டு இன்ஜின், பின்னால் விமானத்தில் இருப்பதுபோல மரத்தில் செய்த பெரிய காற்றாடி. முன்னால் தம்பி லியோபோல்ட் திசை திருப்ப, பின்னால் அண்ணன் இன்ஜினைப் பார்த்துக்கொள்ள, காது கிழியும் சத்தத்தோடு வண்டி பனியில் ஓடியது. ஊரே வாய் பிளந்து பார்த்தது.

அப்பாவுக்கு மட்டும் ஈரக்குலை நடுங்கியது. மூடி இல்லாமல் சுற்றுகிற அந்தக் காற்றாடியில் யாராவது மாட்டினால்? உடனே பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். வண்டியின் ஆயுள் அன்றோடு முடிந்தது. பனியில் வண்டி ஓட்ட முடியும் என்ற நம்பிக்கை மட்டும் பையனை விட்டுப் போகவில்லை.

சாமியார் மடத்திலிருந்து கேரேஜுக்கு

பிள்ளை பாதிரியார் ஆக வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. ஷெர்ப்ரூக் நகரத்தில் குருமடப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். 17 வயதில் அப்பாவிடம் பேசி சம்மதம் வாங்கி, அங்கிருந்து வெளியே வந்தார் அர்மான். மெக்கானிக் வேலைக்குப் போனார். மான்ட்ரியாலில் பகலில் வேலை, மாலையில் வகுப்பு.

1926-ல் ஊர் திரும்பி, அப்பாவிடம் கடன் வாங்கி சொந்தமாக ஒரு கேரேஜ் திறந்தார். அப்போது வயசு 19. வேலையில் கெட்டிக்காரர் என்று சீக்கிரமே பெயர் வந்தது. 1929-ல் இவோன் லாப்ரெக்கைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அந்தக் காலத்தில் கியூபெக் கிராமங்களில் குளிர்காலம் வந்தால் சாலைகளைப் பனி மூடிவிடும். கார்களை ஓரங்கட்டிவிட்டு குதிரை பூட்டிய சறுக்கு வண்டிக்கு மாறிவிடுவார்கள். கேரேஜில் வேலை குறையும். அந்த ஓய்வு நேரத்தில்தான் அர்மான் தன் பனி வண்டியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு புது மாடல். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குறை.

அந்த 50 கிலோமீட்டர்

1934 குளிர்காலம். அர்மானின் மகன் இவோனுக்கு இரண்டு வயசு. குடல்வாலில் சீழ் பிடித்து, குழந்தை வலியில் துடித்தான். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஷெர்ப்ரூக்கில் இருந்தது. சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் சாலை முழுக்கப் பனி. காரில் போக வழியே இல்லை.

பனியில் போகும் வண்டியைக் கண்டுபிடிக்க வருஷக்கணக்காகப் பாடுபட்ட மனிதரின் வீடு அது. வண்டி கேரேஜில்தான் கிடந்தது. ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துபோனான்.

மகன் இறந்ததால்தான் அவர் ஸ்னோமொபைலைக் கண்டுபிடித்தார் என்று சிலர் சுருக்கமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. அவர் பத்து வருஷத்துக்கு மேலாகவே முயன்று கொண்டிருந்தார். மகனின் சாவுக்குப் பிறகு அந்த வேலையைத் தள்ளிப்போட முடியாமல் போனது.

பல்சக்கரம் செய்த மாயம்

சேற்று வயலில் கால் வைத்தால் புதையும். பலகை போட்டு நடந்தால் புதையாது. எடை பரவுவதுதான் காரணம். பனியிலும் அதே கணக்கு. சக்கரத்துக்குப் பதிலாக அகலமான பட்டை சுற்றினால் வண்டி மூழ்காது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டையைச் சுற்றவைக்கும் பாகங்களில் பனி அப்பி, இறுகி, வண்டி நின்றுவிடும்.

1935-ல் அர்மானுக்கு வழி பிடிபட்டது. ரப்பர் போர்த்திய மரப் பல்சக்கரம். அதைச் சுற்றி, குறுக்கே இரும்புச் சட்டங்கள் கோத்த ரப்பர் பட்டை. ரப்பரில் பனி லேசில் ஒட்டாது. 1937-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் உட்காரும் பி7 வண்டி விற்பனைக்கு வந்தது.

முதலில் வாங்கியவர்களில் டாக்டர்கள் இருந்தார்கள். பிறகு 12 பேர் உட்காரும் பி12 வந்தது. ஆம்புலன்ஸாக, தபால் வண்டியாக, ஸ்கூல் பஸ்ஸாக ஓடியது. தன் மகனுக்குக் கிடைக்காத வண்டி, ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதை அர்மான் கண்ணால் பார்த்தார்.

சாலை திறந்தது, வியாபாரம் படுத்தது

1942-ல் கம்பெனியை முறைப்படி பதிவு செய்தார். போர்க்காலத்தில் ராணுவத்துக்கும் வண்டி செய்து கொடுத்தார். அடுத்த அடி எதிர்பாராத இடத்திலிருந்து விழுந்தது. 1948-ல், கிராமச் சாலைகளிலும் பனியை அள்ள வேண்டும் என்று கியூபெக் அரசு முடிவெடுத்தது. மக்களுக்கு நல்லது. ஆனால், சாலையில் கார் போனால் பனி வண்டி எதற்கு? விற்பனை சரிந்தது.

அர்மான் சும்மா உட்காரவில்லை. சதுப்பு நிலத்திலும் காட்டிலும் போகும் டிராக்டர்கள் பக்கம் திரும்பினார். 1953-ல் வந்த மஸ்கெக் டிராக்டர் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. கூடவே பழைய கனவு ஒன்று பாக்கியிருந்தது. ஒருவர் இருவர் மட்டும் போகிற குட்டி வண்டி. 1950-களின் கடைசியில் எடை குறைந்த சின்ன இன்ஜின்கள் வந்ததும் அது கைகூடியது.

வடக்கே நாய்கள் இழுக்கும் வண்டியில் போகிற வேட்டைக்காரர்களுக்கும் மிஷனரிகளுக்கும்தான் அதைச் செய்தார். அதனால் முதலில் யோசித்த பெயர் ஸ்கி-டாக். கடைசியில் அது ஸ்கி-டூ ஆனது. 1959-ல் வெளிவந்து, முதல் சீசனில் 225 வண்டிகள் விற்றன. வேலைக்காகச் செய்த வண்டியை ஜனங்கள் விளையாட்டுக்காக வாங்கத் தொடங்கினார்கள். அடுத்த சில வருஷங்களில் விற்பனை ஆயிரக்கணக்கில் எகிறியது.

அந்த அலை உச்சத்துக்குப் போவதை அவர் பார்க்கவில்லை. 1964 பிப்ரவரி 18-ல் புற்றுநோயால் காலமானார். வயசு 56-தான். அவருக்குப் பின் கம்பெனி ரயில், விமானம் என்று வளர்ந்தது. டெல்லி மெட்ரோவில் பயணித்திருந்தால், பம்பார்டியர் செய்த ரயிலில் நீங்களே ஏறியிருக்கலாம்.

வால்கூரில் இன்றும் ஸ்கி-டூ தயாராகிறது. அவருடைய முதல் கேரேஜை அங்கிருக்கும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வட்ட ஜன்னல் வைத்த பழைய பி12 வண்டிகளை இப்போதும் தேடிப்பிடித்து, பிளைவுட் உடம்பை இழைத்து, ஓட வைக்கிறார்கள் ரசிகர்கள்.

அடுத்த முறை ரீல்ஸில் யாராவது பழைய ஸ்னோமொபைலைக் கிளப்பி, புகை கக்கவிட்டுச் சிரிப்பதைப் பார்த்தால், ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். 1934-ல் ஓர் அப்பா எதிர்பார்த்தது அந்தச் சத்தத்தைத்தான்.